எல்எம்25-க்கு டி6 கொடுத்தும் ஹார்ட்னஸ் வரவில்லை: ஃபவுண்டரிக்காரருக்கு உலோகவியலாளர் பதில்

கோவைக்கு வடக்கே பத்துப் பன்னிரண்டு ஆட்களை வைத்து கிராவிட்டி டை காஸ்டிங் (உருகிய உலோகத்தை அழுத்தமில்லாமல் உலோக அச்சில் ஊற்றி வார்க்கும்) ஃபவுண்டரி நடத்தும் வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரம் இது.

ஒரு பம்ப் கம்பெனிக்கு மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் பிராக்கெட்டை வார்த்துக் கொடுக்கிறார். உலோகம் எல்எம்25 என்னும் அலுமினியக் கலவை. ஒரு பீஸ் 3.2 கிலோ. 300 மில்லி விட்டமுள்ள ஃபிளாஞ்ச் (விளிம்புத் தட்டு) 6 மில்லி கனம். நடுவில் பேரிங் உட்காரும் பாஸ் (தடித்த மேடு) 28 மில்லி கனம். டிராயிங்கில் ‘டி6, குறைந்தது 90 பிஎச்என்’ என்று இருக்கிறது. டி6 என்பது பீஸை உயர்ந்த சூட்டில் வைத்து (சொல்யூஷன்), தண்ணீரில் சட்டென்று ஆற்றி (குவென்ச்), பிறகு மிதமான சூட்டில் வைத்திருக்கும் (ஏஜிங்) ஹீட் ட்ரீட்மென்ட்; பிஎச்என் என்பது பிரினெல் ஹார்ட்னஸ் எண். ஹீட் ட்ரீட்மென்டை வெளியில் ஜாப் ஒர்க் கொடுக்கிறார். சாம்பிளாகக் கம்பியில் கட்டி இறக்கிய ஐந்து பீஸும் 95-ஐத் தாண்டித் தேறின. ஆர்டர் ஓட ஆரம்பித்ததும் 60 பீஸ் கொண்ட மூன்று லாட்டிலும் 68 முதல் 82 வரைதான் வருகிறது. ஃபிளாஞ்ச் 1 மில்லிக்கு மேல் கோணுகிறது. 180 பீஸும் திரும்பி வந்து ஷெட்டில் கிடக்க, பணம் நிற்கிறது.

ஹீட் ட்ரீட்மென்ட்காரர் “உங்க மெட்டல் சரியில்லை” என்கிறார். வாசகருக்கோ அவர் மேல் சந்தேகம்: “குவென்ச்ல இருந்து எடுத்ததும் நானே நின்னு கைக்கருவில அடிச்சுப் பார்த்தேனுங்க, 60 கூட வரலைங்க. அப்பவே ஆள் ஏமாத்தறார்னு தெரிஞ்சு போச்சுங்க.” தண்ணீர் சில்லென்று இருந்தால் கெட்டிப்படும் என்று ஐஸ் கட்டி போடச் சொன்னதில் நான்கு பீஸ் விரிசல் விட்டுவிட்டன. இனி ஃபர்னஸை 560 டிகிரிக்கு ஏற்றலாமா, அக்கா மகன் சொல்வதுபோல் ஆயிலுக்கு மாறலாமா, நண்பர் சொல்வதுபோல் ஏடிசி12 என்னும் வேறு அலுமினியக் கலவையை அழுத்தத்தில் வார்க்கும் பிரஷர் டை காஸ்டிங்குக்கே போய் அதற்கு டி6 கொடுக்கலாமா என்று கேட்கிறார். 180 பீஸைக் காப்பாற்ற வழி உண்டா, ஜாப் ஒர்க் பில்லில் பிடித்தம் செய்யலாமா என்பவையும் கேள்விகள்.

வணக்கம்.

முதலில் அந்த 60 விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். குவென்ச் தொட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த எல்எம்25 பீஸ் 60-ஐ ஒட்டிக் காட்டினால் அதில் குறை எதுவும் இல்லை. அந்த நிலையில் அது அவ்வளவுதான் காட்ட வேண்டும். உங்கள் ஹீட் ட்ரீட்மென்ட்காரர் வேறு எதிலாவது தவறியிருக்கலாம். ஆனால் இந்த ஒரு சான்றை வைத்து அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிடாதீர்கள். இரும்புப் பட்டறைப் பழக்கத்தில் வருகிற தப்புக் கணக்கு இது. ஸ்டீலைச் சூடாக்கித் தண்ணீரில் விட்டால் அந்த நொடியே கெட்டிப்படும். அலுமினியம் தண்ணீரில் இறங்கியதும் மெத்தென்றுதான் இருக்கும். பலம் பின்னால் ஏஜிங் அடுப்பில் வருகிறது. குவென்ச் செய்யும் வேலை, அந்தப் பலத்துக்கான மூலப்பொருளை உள்ளே தொலையாமல் பிடித்து வைப்பது மட்டும்தான்.

உள்ளே நடப்பது

எல்எம்25-இல் சிலிக்கான் 6.5 முதல் 7.5 சதவீதம், மெக்னீசியம் 0.2 முதல் 0.6 சதவீதம். டி6-இன் பலம் முழுவதும் அந்தத் துளி மெக்னீசியத்தின் கையில் இருக்கிறது. 540 டிகிரியில் அது சிலிக்கானோடு சேர்ந்து அலுமினியத்துக்குள் கரைந்துவிடும். அறை வெப்பத்தில் அவ்வளவு கரைய இடமில்லை. ஆகவே சூடு இறங்கும்போது வெளியே வரத் துடிக்கும். சர்க்கரைப் பாகை மெதுவாக ஆறவிட்டால் பெரிய பெரிய கற்கண்டாகக் கட்டிக்கொள்வது மாதிரி, பீஸ் மெதுவாக ஆறினால் மெக்னீசியம் சிலிசைடு பருமனாகத் திரண்டு, சிலிக்கான் துகள்களின் ஓரத்திலும் கிரெயின் (உலோகப் படிகம்) எல்லைகளிலும் போய் ஒட்டிக்கொள்ளும். அப்படித் திரண்டது பலத்துக்கு உதவாது.

சட்டென்று ஆற்றினால் வெளியே வர நேரமில்லாமல் கரைந்தபடியே மாட்டிக்கொள்ளும். கூடவே உயர் வெப்பத்தில் இருந்த அணுக் காலியிடங்களும் உள்ளே சிக்கும். பிறகு அணுக்கள் நகர அவைதான் வழி. இதை 155 முதல் 175 டிகிரிக்குள் 8 முதல் 12 மணி நேரம் வைத்தால் மாட்டிக்கொண்ட மெக்னீசியமும் சிலிக்கானும் கண்ணுக்கெட்டாத ஊசிகளாகப் பிரியும். கனம் சில நானோமீட்டர், நீளம் சில பத்து நானோமீட்டர். உலோகம் வளையும்போது படிகத்துக்குள் ஓடும் பிசகுக் கோடுகளை இந்த ஊசிகள் குறுக்கே நின்று தடுக்கின்றன. நீங்கள் 90 பிஎச்என் என்று அளப்பது இந்தத் தடுப்பைத்தான். அடுப்பில் ரொம்ப நேரம் விட்டாலோ சூடு ஏறிவிட்டாலோ ஊசிகள் தடித்து எண்ணிக்கையில் குறைந்து, ஹார்ட்னஸ் மறுபடி இறங்கும்.

இந்தக் குணத்தை 1906-இல் ஜெர்மனியில் ஆல்ஃபிரெட் வில்ம் கண்டபோது அவருக்கே காரணம் தெரியவில்லை. செம்பும் மெக்னீசியமும் கலந்த அலுமினியம் குவென்சுக்குப் பிறகு சில நாள் சும்மா கிடந்ததிலேயே கெட்டிப்பட்டிருந்தது. உள்ளே இப்படித் துகள் திரள்வதை கினியேயும் பிரெஸ்டனும் எக்ஸ்ரே வழியாகத் தனித்தனியே காட்டியது 1938-இல். ஆகவே உங்களுக்கு இது பிடிபடாமல் போனதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிரிதல் மிக வேகமாக நடப்பது ஒரு குறிப்பிட்ட வெப்ப எல்லையில்தான். தோராயமாக 400-லிருந்து 290 டிகிரி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே வெளியே வரும் துடிப்பு குறைவு. கீழே அணுக்கள் நகரும் வேகம் குறைவு. நடுவிலுள்ள இந்தத் தொலைவைப் பீஸின் எல்லாப் பாகமும் சில நொடிகளில் கடந்தாக வேண்டும். 6 மில்லி ஃபிளாஞ்ச் எப்படியும் கடந்துவிடும். உங்கள் 28 மில்லி பாஸ் கடக்கிறதா என்பதுதான் கேள்வி.

அலுமினியத்தை அச்சில் பிதுக்கிச் சட்டம் செய்யும் எக்ஸ்ட்ரூஷன்காரர்கள் ஃபேன் காற்றிலேயே ஆற்றுகிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். அவர்கள் பெரும்பாலும் ஓட்டுவது 6063 என்னும் கலவை. அதில் மெக்னீசியமும் சிலிக்கானும் குறைவு, சுவரும் மெலிசு. அதே ஃபேனை 6061 என்னும் கலவையின் கனமான பீஸுக்குக் காட்டினால் பலம் குறையும். 7075-க்குக் காட்டினால் மோசமாகக் குறையும். எந்தக் கலவை, எவ்வளவு கனம் என்பதைப் பொறுத்த விஷயம் இது.

தொட்டிக் கணக்கு

உங்கள் கடிதத்தில் என் கண்ணை நிறுத்திய வரி, ‘அவர் தொட்டி ஆயிரம் லிட்டர், கூடை 80 கிலோ இருக்கும், 60 பீஸையும் ஒரே கூடையில் இறக்குகிறார்’ என்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

60 பீஸ், 192 கிலோ அலுமினியம். 540-லிருந்து 70 வரை இறங்க ஒரு கிலோவுக்குச் சுமார் 470 கிலோஜூல், மொத்தம் 90,000. இரும்புக் கூடை சுமார் 21,000. ஆக 1,11,000 கிலோஜூல் சூடு தண்ணீருக்குள் போகிறது. ஆயிரம் லிட்டர் ஒரு டிகிரி ஏற 4,190 கிலோஜூல் போதும். தண்ணீர் 26 டிகிரி ஏறும். 70-இல் ஆரம்பித்தால் 96-இல் போய் நிற்கும். அதே மாலையில் ஆறவிடாமல் அடுத்த கூடையை இறக்கினால் கொதிக்கிற தண்ணீர்தான்.

கொதிநிலையை நெருங்கிய தண்ணீரில் பீஸைச் சுற்றி நீராவிப் படலம் கட்டிக்கொண்டு கலையாமல் நிற்கும். ஆவி வழியாகச் சூடு மெதுவாகத்தான் வெளியேறும். கூடையின் நடுவில், பீஸோடு பீஸ் ஒட்டி இருக்கிற இடத்தில் நிலைமை இன்னும் மோசம். பாஸ் அந்த 400-290 எல்லையில் ஊர்ந்துகொண்டிருக்கும். ஓரத்துப் பீஸுக்கு 82, நடுப் பீஸுக்கு 68 என்று சிதறி வருவது இந்தப் படத்தோடு பொருந்துகிறது. சாம்பிள் ஐந்து பீஸைக் கம்பியில் கட்டி இறக்கியபோது தொட்டி இரண்டு டிகிரிகூட ஏறியிருக்காது. அதனால்தான் அவை தேறின.

இதை இப்போதைக்கு வலுவான சந்தேகம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் கொடுத்த சர்டிஃபிகேட்டில் ஏஜிங் ‘165 டிகிரி, 6 மணி’ என்று இருக்கிறதே, அதுவும் கொஞ்சம் குறைச்சல்தான். மூன்றாவதாக உங்கள் உலோகத்தில் மெக்னீசியம் குறைந்து போயிருக்கவும் வாய்ப்புண்டு. மூன்றில் எது என்று ஊகத்தில் சண்டை போட வேண்டியதில்லை. மூன்று பீஸ் செலவில் தெரிந்துவிடும்.

மூன்று பீஸ் சோதனை

திரும்பி வந்ததில் மிகக் குறைவாக, 70-ஐ ஒட்டிக் காட்டியவற்றில் மூன்றை எடுத்து நம்பர் பஞ்ச் அடியுங்கள். மூன்றிலும் பாஸ் முகத்தில் ஒரு மில்லி சீவிவிட்டு, 5 மில்லி குண்டு, 250 கிலோ பளு வைத்த பிரினெல் மெஷினில் மூன்று மூன்று இடம் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் வைத்திருக்கும் கைக்கருவி துள்ளலை அளப்பது. 5 கிலோவுக்குக் குறைந்த பீஸையும் மெலிந்த சுவரையும் கெட்டியான அடித்தாங்கல் இல்லாமல் அடித்தால் அது குறைத்துத்தான் காட்டும். ஃபிளாஞ்சில் அடித்த ரீடிங்கை எல்லாம் மறந்துவிடுங்கள்.

முதல் பீஸை 165 டிகிரியில் இன்னும் 4 மணி நேரம் மட்டும் வையுங்கள். ஹார்ட்னஸ் பத்துப் புள்ளிக்கு மேல் ஏறினால் குவென்ச் ஓரளவு பிடித்திருக்கிறது, ஏஜிங்தான் பற்றவில்லை. அப்போது 180 பீஸுக்கும் மறு ஏஜிங் மட்டும் போதும். கோணல் அதிகமாகாது, செலவும் கம்மி. ஏறவே இல்லை, அல்லது ஒன்றிரண்டு இறங்கிவிட்டது என்றால் உள்ளே பிரிவதற்கு மெக்னீசியம் மிச்சமில்லை.

இரண்டாவது பீஸுக்கு முழு டி6-ஐ மறுபடி கொடுங்கள். 540 டிகிரியில் 6 மணி. நேரத்தை ஃபர்னஸ் காற்று 540 தொட்டதிலிருந்து எண்ணாமல் பீஸ் தொட்டதிலிருந்து எண்ண வேண்டும். தனியாகத் தொங்கவிட்டு, கதவு திறந்த 10 நொடிக்குள், 65-70 டிகிரித் தண்ணீரில் இறக்கி அசைத்துவிடுங்கள். அன்றைக்கே 165-இல் 10 மணி. இது 95-க்கு வந்தால் உங்கள் மெட்டல் குற்றமற்றது. முதலில் செய்தபோது சொல்யூஷனிலோ குவென்சிலோ கோட்டை விட்டிருக்கிறார்கள். இதுவும் 80-இல் நின்றால் ஹீட் ட்ரீட்மென்ட்காரர் சொன்னது உண்மை. ஃபவுண்டரியைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவதை வெட்டி ஸ்பெக்ட்ரோவுக்கும் (கலவையில் எது எவ்வளவு என்று அளப்பது) மைக்ரோவுக்கும் (மைக்ரோஸ்கோப் சோதனை) கொடுங்கள். கோவையிலேயே சிடார்க் பரிசோதனைக்கூடம் இருக்கிறது. உலோகவியல் துறை உள்ள பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. என்ஏபிஎல் (லேப்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள இடமாகப் பார்த்துக் கொடுத்தால் பிறகு பார்ட்டி (பம்ப் கம்பெனி) முன் வைக்கும்போது பேச்சு எழாது. லேபில் எலக்ட்ரிகல் கண்டக்டிவிட்டி மீட்டர் இருந்தால் அதையும் கேளுங்கள். ஹார்ட்னஸும் குறைந்து கண்டக்டிவிட்டியும் குறைந்திருந்தால், மெக்னீசியம் இன்னும் கரைந்தே இருக்கிறது, ஏஜிங் போதவில்லை என்று அர்த்தம். ஹார்ட்னஸ் குறைந்து கண்டக்டிவிட்டி கூடியிருந்தால் மெக்னீசியம் ஏற்கெனவே பருமனாகப் பிரிந்துவிட்டது, அல்லது ஆரம்பத்திலேயே இல்லை.

லேபிடம் ‘டி6 ஆகியிருக்கிறதா என்று மைக்ரோ பார்த்துச் சொல்லுங்கள்’ என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். பலம் தரும் ஊசிகள் சாதாரண மைக்ரோஸ்கோப்பில் தெரியாது. தெரிவதைக் கேளுங்கள்: பாஸிலும் ஃபிளாஞ்சிலும் சிலிக்கான் துகள் உருண்டிருக்கிறதா, இன்னும் கூரான தகடாகவே நிற்கிறதா? தகடாக நின்றால் ஒன்று ஸ்ட்ரான்ஷியம் சேர்த்துச் சிலிக்கானை நுண்மையாக்கும் மாடிஃபிகேஷன் விட்டுப்போயிருக்கிறது, அல்லது சொல்யூஷன் நேரம் பற்றவில்லை. கரையாத மெக்னீசியம் சிலிசைடு கறுப்பாகக் கிடக்கிறதா? எல்லைகளில் உருகி உறைந்த தடம் இருக்கிறதா? இரும்பு ஊசிகள் எவ்வளவு நீளம்? டென்ட்ரைட் (உறையும்போது மரம் போலக் கிளைவிடும் படிகம்) கிளை இடைவெளி எத்தனை மைக்ரான்? கிராவிட்டி டையில் 25-40 மைக்ரான் வருவது நல்ல வார்ப்பு. பாஸில் அது ரொம்பக் கூடியிருந்தால் அங்கே டை சூடு ஏறி மெதுவாக உறைகிறது; நீட்சியும் குறையும், சொல்யூஷனும் கூடுதல் நேரம் கேட்கும்.

ஸ்பெக்ட்ரோவில் மெக்னீசியம் 0.25-க்குக் கீழே வந்தால்

எல்எம்25 வரையறை 0.20 வரை அனுமதிக்கிறது என்பதால் இங்காட் சப்ளையரின் சர்டிஃபிகேட் ‘ஓகே’ என்றுதான் இருக்கும். 0.22 வைத்துக்கொண்டு பாஸில் 90 எதிர்பார்ப்பது வீண். 0.32 முதல் 0.40 வரை இலக்கு வையுங்கள். ரன்னர், ரைசரை (வார்ப்போடு வரும் மிச்ச உலோகம்) திரும்பத் திரும்ப உருக்கும்போதும், உலையில் மெட்டலை மணிக்கணக்கில் வைத்திருக்கும்போதும் மெக்னீசியம் எரிந்து குறையும். குளோரின் விடும் டீகேசிங் (வாயு நீக்கும்) மாத்திரை போட்டால் மெக்னீசியத்தையும் ஸ்ட்ரான்ஷியத்தையும் சேர்த்தே தின்றுவிடும். ஆர்கான் அல்லது நைட்ரஜன் விடும் ரோட்டரி டீகேசிங்குக்கு மாறுவது நல்லது. இங்காட்டில் என்ன இருந்தது என்பதைவிட டையில் ஊற்றுவதற்கு முன் எடுத்த காசு வடிவச் சாம்பிளில் என்ன இருந்தது என்பதே கணக்கு.

இரும்பையும் பாருங்கள். 0.5 சதவீதம் வரை ‘ஓகே’ தான். ஆனால் இரும்பு கூடினால் மெக்னீசியத்தில் ஒரு பங்கைத் தன்னோடு கட்டிப்போட்டுவிடும், நீட்சியையும் குறைக்கும். பூச்சுப் போன கரண்டியும் இரும்புச் சட்டியும்தான் பெரும்பாலும் வழி. ஸ்கிராப் கலந்த இங்காட்டில் செம்பும் வரும். அதைப் பற்றி அடுத்து.

நீங்கள் கேட்ட நான்கு வழிகள்

ஐஸ் போட்டதில் விரிசல் விட்டது ஏன் என்று உங்களுக்கே இப்போது தோன்றியிருக்கும். 300 மில்லி ஃபிளாஞ்ச் 540-லிருந்து 70-க்கு இறங்கும்போது 3 மில்லிக்கு மேல் சுருங்கும். குளிர்ந்த தண்ணீரில் மெலிந்த ஃபிளாஞ்ச் சுருங்கி முடித்த பிறகும் கனத்த பாஸ் சூட்டில் விரிந்தே நிற்கும். பின்னர் அது சுருங்கும்போது இழுவை முழுவதும் இரண்டும் சேரும் மூலையில் விழுகிறது. உருட்டித் தயாரித்த பிளேட்டில் வெட்டும் 6061 போன்றவற்றுக்கு 40 டிகிரிக்குக் கீழே தண்ணீர் சரி. கனம் மாறி மாறி வரும் வார்ப்புக்கு 65-80 டிகிரித் தண்ணீரைச் சொல்வது இந்தக் காரணத்தால்தான்.

560 வேண்டாம். அலுமினியம், சிலிக்கான், மெக்னீசியம் சிலிசைடு மூன்றும் சேர்ந்த மிச்சக் கூழ் 555-ஐ ஒட்டியே உருகும். ஸ்கிராப் வழியாகச் செம்பு சேர்ந்திருந்தால் 510 பக்கத்திலேயே எல்லைகள் நெகிழத் தொடங்கலாம். இந்தச் சூட்டில் அலுமினியம் சிவக்காது. கண்ணால் பார்த்து எதையும் சொல்ல முடியாது. எல்லைகள் ஒருமுறை உருகிய பீஸை எந்த ட்ரீட்மென்டும் மீட்காது, அது மறுபடி உலைக்குத்தான். 540-ஐத் தாண்ட வேண்டாம். ஃபர்னஸின் நான்கு மூலையும் 5 டிகிரிக்குள் ஒத்துப்போகிறதா என்று தெர்மோகப்பிள் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆயில் யோசனையை அக்கா மகனிடம் அன்பாகவே மறுத்துவிடுங்கள். குவென்ச் ஆயில் மெதுவாகத்தான் ஆற்றும். 540 டிகிரிக் கூடை ஆயிலில் பாதி மூழ்கிய நிலையில் ஹாய்ஸ்ட் நின்றுவிட்டால் தீ. கோணலைக் குறைக்க வேண்டுமென்றால் அலுமினியத்துக்கென்று உள்ளது பாலிமர், பாலிஆல்கிலீன் கிளைக்கால். தண்ணீரில் 10 முதல் 30 சதவீதம் கலப்பார்கள். சூடான பீஸின் மேல் அது மெல்லிய படலமாகப் படிந்து எல்லா இடமும் ஒரே சீராக ஆறும், ஆறியதும் மறுபடி கரைந்துவிடும். தொட்டிச் சூடு ஏறாமல் பார்க்க வேண்டும், கலவையின் செறிவைத் தினமும் அளக்க வேண்டும், பீஸைக் கழுவ வேண்டும். நம் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு அதிகம். அதில் கலந்தால் செறிவு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ரீடிங் தள்ளிக் காட்டும். ஆர்ஓ தண்ணீர் நல்லது. ஒரு பார்ட்டியின் ஒரு பீஸுக்காக இதில் இறங்குவது கட்டுப்படியாகுமா என்று யோசியுங்கள். எனக்கு அவசியம் படவில்லை.

ஏடிசி12 பிரஷர் டை காஸ்டிங்குக்குச் சாதாரண டி6 ஆகாது. அழுத்தத்தில் அடைபட்ட காற்று 500 டிகிரியில் விரிந்து தோல் முழுக்கக் கொப்புளமாக எழும்பும். நண்பர் சொன்னதை இங்கேயே விட்டுவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒரு வழி இருக்கிறது: டி5. சொல்யூஷனும் குவென்சும் இல்லாமல் வார்ப்பை நேராக ஏஜிங் மட்டும் செய்வது. கோணல் பிரச்சினையே வராது. ஆனால் பலம் குறையும். பழைய பிரிட்டிஷ் ஸ்டாண்டர்டுப்படி டையில் வார்த்த எல்எம்25-க்கு இழுவைப் பலம் டி6-இல் குறைந்தது 280 மெகாபாஸ்கல், டி5-இல் 190, ஒன்றும் செய்யாமல் 160. மோட்டார் பிராக்கெட்டுக்கு உண்மையில் 280 தேவையா என்பதைப் பார்ட்டியின் டிசைன் ஆள்தான் சொல்ல முடியும். கேட்பதில் தப்பில்லை. கேட்காமல், எழுத்தில் ஒப்புதல் வாங்காமல் நீங்களாக மாற்றுவது பெரிய தப்பு.

180 பீஸும் அடுத்த லாட்டும்

இரண்டாவது பீஸ் 95 காட்டினால் 180-ஐயும் மீட்கலாம். வார்ப்பை மறுபடி சொல்யூஷன் செய்வதில் தடையில்லை. விரிசல் விட்ட நான்கையும் கழித்துவிட்டு, மீதியை டை பெனட்ரன்ட் (விரிசலில் ஊறி அதைக் காட்டும் சாயம்) போட்டுப் பார்த்து அனுப்புங்கள். மெஷினிங் முடிந்த பீஸ்கள் மறு குவென்சில் மறுபடி கோணும். அவற்றில் மிச்சப் பொருள் எவ்வளவு என்று பார்த்துத் தனியாகப் பிரியுங்கள்.

ஆயிரம் லிட்டர் தொட்டியில் 40 கிலோக் கூடையும் 20 பீஸும் இறக்கினால் தண்ணீர் 10 டிகிரிக்குள்தான் ஏறும். அதுதான் உங்கள் லாட் அளவு. 60-ம் ஒரேயடியாக வேண்டுமென்றால் தொட்டி குறைந்தது மூவாயிரம் லிட்டராவது வேண்டும். பீஸுக்குப் பீஸ் இரண்டு விரல் இடைவெளி விட்டு, ஃபிளாஞ்ச் செங்குத்தாக நிற்கும்படி அடுக்க வேண்டும். ஃபிளாஞ்ச் முகம் கீழே பார்த்து இறங்கினால் குழிவுக்குள் ஆவி மாட்டிக்கொள்ளும். அந்த இடம் மெத்தென்றே போகும், கோணலும் அங்கேதான் தொடங்கும். தண்ணீரை ஓட்டிவிட ஒரு மோனோபிளாக் மோட்டார் போதும். பம்ப் செய்யும் ஊரில் இருந்துகொண்டு அதற்கு யோசிக்கலாமா? கம்ப்ரஸர் காற்றை விட்டுக் கலக்க வேண்டாம், குமிழி ஒட்டிய இடம் மெதுவாக ஆறும்.

ஃபர்னஸ் கதவிலிருந்து தொட்டி வரைக்கும் எத்தனை நொடி என்று ஒருநாள் நின்று செல்போனில் படம் பிடியுங்கள். தொட்டி ஷெட்டுக்கு வெளியே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று அடிக்கும் நாளில், திறந்த வெளியில் 6 மில்லி ஃபிளாஞ்ச் நொடிக்கு ஒன்றிரண்டு டிகிரி இழக்கும். அரை நிமிடம் ஹாய்ஸ்டில் ஊசலாடினால் 500-க்குக் கீழே போய், தண்ணீரைத் தொடும் முன்பே மெக்னீசியம் வெளியேறத் தொடங்கிவிடும். 10 நொடி நல்லது, 15-க்கு மேல் வேண்டாம். மேற்குப் பக்கம் தகரத் தடுப்பு வைத்தால்கூட உதவும்.

குவென்ச் முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள், பீஸ் மெத்தென்று இருக்கும்போதே ஃபிளாஞ்சைப் பிரஸ்ஸில் நேராக்குங்கள். ஏஜிங்குக்குப் பின் நிமிர்த்தினால் விரிசல் விடும், அல்லது மெஷினில் ஏற்றியதும் மறுபடி வளையும். அன்றே ஏஜிங்கில் ஏற்றிவிடுங்கள். ஒரு லாட்டை உடனேயும் இன்னொன்றை ஞாயிறு கழித்தும் ஏற்றினால் இரண்டும் ஒரே அளவு காட்டாது.

பணமும் பொறுப்பும்

இது சட்ட ஆலோசனைப் பகுதி கிடையாது. ஆனால் கேட்டதற்குத் தெரிந்த அளவு சொல்கிறேன், பெரிய தொகை என்றால் வக்கீலைப் பாருங்கள். நீங்கள் உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனம் என்றால் 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இடி (குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டு) சட்டப்படி, பார்ட்டி சரக்கில் குறை சொல்வதாக இருந்தால் டெலிவரி ஆன 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொன்னால், நீங்கள் குறையைச் சரிசெய்த நாளிலிருந்துதான் பணத்துக்கான கெடு ஓடும். அந்தக் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. ஆகவே ரிஜெக்ஷன் மெயில் என்றைக்கு வந்தது என்று தேடி எடுங்கள். வாய்வார்த்தையில் ‘எல்லாம் ரிஜெக்ட்’ என்றது போதாது.

ஹீட் ட்ரீட்மென்ட்காரர் பில்லில் நீங்களாகப் பிடித்தம் செய்வதில் ஒரு ஆபத்து உண்டு. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவுப்படி, வேலை செய்து கொடுத்த சரக்கைக் கூலி வரும்வரை பிடித்து வைக்க அவருக்கு உரிமை உண்டு. அதே சட்டத்தின் 73-ஆம் பிரிவில், ஒப்பந்தத்தை மீறியதால் வந்த நஷ்டத்தை நீங்கள் கேட்கலாம். நஷ்டத்தைக் குறைக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதையும் அங்கே பார்ப்பார்கள். ஆனால் எதை மீறினார் என்று காட்டுவீர்கள்? உங்கள் டெலிவரி சலானில் இருப்பது ‘டி6 செய்து தரவும்’ என்ற மூன்று வார்த்தை. தண்ணீர்ச் சூடும் எழுதவில்லை, லாட் அளவும் எழுதவில்லை. ஐஸ் போடச் சொன்னது நீங்கள். அந்த நான்கு பீஸை அவர் தலையில் கட்ட முடியாது.

மூன்று பீஸ் ரிசல்டை அவர் முன் வைத்துப் பேசுவதே என் யோசனை. தொட்டிதான் காரணம் என்று தெரிந்தால் மறு ட்ரீட்மென்டைக் கூலியில்லாமல் செய்யச் சொல்லுங்கள். இனி 20 பீஸாகப் போடுவதற்குக் கிலோவுக்குக் கூடக் கேட்பார், அது நியாயம்தான். அடுத்த சலானில் இப்படி எழுதுங்கள்: பீஸ் 540 டிகிரி தொட்டபின் 6 மணி; ஒரு கூடைக்கு 20 பீஸ்; கதவு திறந்து 15 நொடிக்குள் தண்ணீர்; தண்ணீர் இறங்கும்போது 65-70, எடுக்கும்போது 80-க்குள்; அதே நாளில் 165 டிகிரி, 10 மணி; ஃபர்னஸ் சார்ட்டும் தண்ணீர்ச் சூட்டுக் குறிப்பும் லாட்டோடு வர வேண்டும்; ஒவ்வொரு கூடையின் நடுவிலிருந்தும் ஓரத்திலிருந்தும் ஒவ்வொரு பீஸ், பாஸ் முகத்தில் ஹார்ட்னஸ். அதில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்.

முதல் பீஸின் 4 மணி ஏஜிங்கை நாளைக்கே போட்டுவிடலாம், அதற்கு லேப் ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ரிசல்ட் மூன்றும் கைக்கு வரும்வரை ஷெட்டில் கிடக்கும் பீஸ்களில் ஒன்றைக்கூட உலையில் போட்டுவிடாதீர்கள், லாட் லாட்டாகச் சாக்பீஸால் எழுதிப் பிரித்து வையுங்கள்.